பழங்கிரேக்க வெள்ளி நாணயங்கள் எத்தனை அடிக்கப்பட்டன என்பதை அச்சுகளைக் கொண்டு கணக்கிட முடியுமா?

ஏதென்ஸ் கோடிக்கணக்கில் ஆந்தை பொறித்த நாணயங்களை அடித்தது, அலெக்சாண்டர் பல நூறு டன் வெள்ளியை நாணயமாக்கினார் என்றெல்லாம் எழுதுகிறார்களே, நாணயம் அடித்த பட்டறையான அக்கசாலையின் கணக்கேடு ஒன்றுகூட மிஞ்சாத நிலையில் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, இவற்றை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கணக்கு இரண்டு படிகளைக் கொண்டது. எத்தனை அச்சுகள் வெட்டப்பட்டன என்று மதிப்பிடுவது முதல் படி. ஓர் அச்சு சராசரியாக எத்தனை நாணயங்களை அடித்தது என்ற எண்ணால் அதைப் பெருக்குவது இரண்டாம் படி. முதல் படி உறுதியான தரையில் நிற்கிறது. இரண்டாம் படியின் எண்ணோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வரை ஏறி இறங்கக்கூடியது. எனவே ஒரு நூலில் இத்தகைய எண்ணைக் கண்டால், அது எந்தப் படியில் நின்று சொல்லப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கிரேக்க நாணயம் இரண்டு அச்சுகளுக்கு நடுவே உருவாயிற்று. ஓர் அச்சை அடைகல்லில் அசையாமல் பதித்து, அதன்மேல் எடை பார்த்து வார்த்த வெள்ளி வில்லையை வைத்து, உளிபோல் நீண்ட இன்னோர் அச்சை அதன்மேல் கையால் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். கீழச்சு நாணயத்தின் முகப்பையும் மேலச்சு பின்புறத்தையும் தரும். இந்த அச்சுகள் ஒவ்வொன்றையும் கைவினைஞர் தம் கையாலேயே உட்குழிவாகச் செதுக்கினார். ஒரே கைவினைஞர் ஒரே வாரத்தில் ஒரே உருவத்தை இரண்டு அச்சுகளில் செதுக்கியிருந்தாலும் அவை ஒன்றுபோல் அமையா. நாம் பேசப்போகும் முறை முழுவதற்கும் இந்த வேறுபாடுதான் அடித்தளம்.

ஏதென்சின் நான்கு டிராக்மா நாணயங்கள் (டிராக்மா என்பது கிரேக்கப் பண அலகு) இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நகரின் தெய்வமான அதீனாவின் தலைக்கவசத்தில் மூன்று ஒலிவ இலைகள் இருக்கும். பார்த்தவுடன் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். பிறகு முதல் இலையின் நுனி கவசத்தின் விளிம்பைத் தொடுகிறதா, விலகி நிற்கிறதா என்று பாருங்கள். காதணியின் விளிம்பிலிருந்து தாடைக் கோடு வரை உள்ள இடைவெளி, கண்ணின் வெளி முனை நெற்றிமுடியின் எந்தச் சுருளுக்கு நேரே வருகிறது என்பது, உதட்டோரத்தின் வளைவு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நாலைந்து இடங்களில் எல்லாமே பொருந்தினால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. அச்சில் விரிசல் விழுந்திருந்தால் வேலை இன்னும் எளிது: விரிசலுக்குள் வெள்ளி புகுந்து, நாணயத்தில் மெல்லிய மேடான கோடாகத் தெரியும்; அதே இடத்தில் அதே கோடு இன்னொரு நாணயத்திலும் இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. ஓரம் உடைந்த ஒரு ரப்பர் முத்திரை ஓர் அலுவலகத்தின் எல்லாக் காகிதங்களிலும் தன் உடைசலையும் சேர்த்தே பதித்துவிட்டுப் போவதைப் போன்றது இது.

எஞ்சியிருக்கும் அச்சுகள் என்று சொல்லும்போது பலர் இரும்பாலும் வெண்கலத்தாலும் ஆன அச்சுகளே கிடைத்திருப்பதாக எண்ணிவிடுகிறார்கள். அப்படிக் கைக்குக் கிடைத்த கிரேக்க அச்சுகள் மிகச் சில. அவற்றைக் கண்டவர் கையில் விட்டுவைக்க எந்த நகரமும் விரும்பியிருக்காது. பொன் நாணயம் அடித்த அச்சுகள் முத்திரையிட்டு, ஏதென்சின் கோயில் குன்றான அக்ரோபோலிஸின் கோயிற் சொத்துகளோடு வைக்கப்பட்டிருந்ததை ஏதென்சின் கல்வெட்டுப் பட்டியல் ஒன்று காட்டுகிறது. ஆகவே நாம் எண்ணுவது அச்சுகளை அல்ல, நாணயங்களில் அவை விட்டுச்சென்ற பதிவுகளையே. ஒரே ஒரு நாணயமாவது தப்பிப் பிழைத்திருந்தால் அந்த அச்சு நம் கணக்கில் வந்துவிடும். எல்லாம் உருகிப் போயிருந்தால் அது இருந்ததே தெரியாது.

இப்படி ஒரு நகரத்தின் நாணயங்கள் அனைத்தையும் அருங்காட்சியகங்களிலிருந்தும் ஏலப் பட்டியல்களிலிருந்தும் திரட்டி, அச்சு வாரியாகப் பிரித்து வரிசைப்படுத்தும் உழைப்பு நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. தென் இத்தாலியின் டெரினா நகர நாணயங்களை 1906இல் குர்ட் ரெக்லிங் இவ்வாறு முழுமையாக ஆராய்ந்தது பின்வந்தவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. ஒரு கீழச்சு இரண்டு மேலச்சுகளோடும், அந்த மேலச்சுகளில் ஒன்று வேறொரு கீழச்சோடும் சேர்ந்து வரும்போது சங்கிலிபோல் ஒரு தொடர் உருவாகிறது. விரிசல் வளர்ந்துகொண்டே போவதைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்பதையும் சொல்லிவிடலாம். எத்தனை அச்சுகள் என்ற கேள்வி உண்மையில் இந்த வேலையின் பக்க விளைவாகத்தான் எழுந்தது.

எண்ணுவதற்குக் கீழச்சையே கொள்ள வேண்டும். சம்மட்டியின் அடி மேலச்சின் தலையில் நேராக விழுவதால் அது சீக்கிரம் நசுங்கியது அல்லது பிளந்தது. கீழச்சு அடைகல்லின் அணைப்பில் நீண்ட நாள் உழைத்தது. மேலும், பல மேலச்சுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வழக்கம் இருந்ததாலும், சில ஊர்களில் அதிகாரியோ மாதமோ மாறும்போது மேலச்சும் மாறியதாலும் அவற்றின் எண்ணிக்கை உற்பத்தியின் அளவை மட்டும் காட்டுவதில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய ஏதென்சின் புதிய பாணி நாணயங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றின் பின்புறத்தில் ஆந்தை நிற்கும் சாடியின்மேல் மாதத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும்; அது ஆல்ஃபாவில் தொடங்கிப் பன்னிரண்டு எழுத்துகள் வரை போகும், அதிக மாதம் வரும் ஆண்டில் பதின்மூன்றாவது எழுத்தும் வரும். மார்கரெட் தாம்சன் 1961இல் வெளியிட்ட பெரும் ஆய்வில், ஒரே கீழச்சு அடுத்தடுத்த மாத எழுத்துகளோடு சேர்ந்து வருவதைக் காண்கிறோம். மேலச்சுகள் வந்து போய்க்கொண்டிருக்க, கீழச்சு தன் இடத்திலேயே இருந்து தேய்ந்திருக்கிறது.

இனிக் கணிதம். உங்களிடம் ஒரு நாணய வகையில் 100 காசுகள் இருக்கின்றன, அவற்றில் 40 கீழச்சுகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அக்கசாலை உண்மையில் பயன்படுத்திய அச்சுகள் 40க்கு மேல் இருந்திருக்க வேண்டும்; எவ்வளவு மேல்? ஒவ்வோர் அச்சும் ஏறத்தாழ ஒரே அளவு நாணயங்களை அடித்தது என்று கொண்டால் விடை சுமார் 45. சில அச்சுகள் முதல் நாளே உடைந்தன, சில ஆண்டுக்கணக்கில் உழைத்தன என்று, அதாவது பட்டறையில் உண்மையாக நடக்கக்கூடியதை ஒட்டிக் கொண்டால், வாரன் எஸ்டி என்ற கணிதப் பேராசிரியர் பரிந்துரைத்த எளிய வாய்ப்பாடு உதவும். காசுகளின் எண்ணிக்கையை அச்சுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அவ்விரண்டின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்: 4,000ஐ 60ஆல் வகுத்தால் சுமார் 67. ஒரே தரவு, இரண்டு விடைகள். 45க்கும் 67க்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் அச்சின் ஆயுளைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதிலிருந்து மட்டுமே வருகிறது.

இதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. காசுகள் பெருகப் பெருக இந்த வேறுபாடு சுருங்கும். 400 காசுகளில் 42 அச்சுகள்தான் தெரிகின்றன என்றால் முதல் வழியில் விடை 42, இரண்டாம் வழியில் 47. ஓர் அச்சுக்குச் சராசரியாக எட்டு, பத்துக் காசுகள் கையில் இருக்கும்போது எந்த வாய்ப்பாட்டைப் பயன்படுத்தினாலும் பெரிய தவறு நேராது. ஓர் அச்சுக்கு ஒன்றரைக் காசுதான் இருக்கிறது என்றால் எந்த வாய்ப்பாடும் காப்பாற்றாது. அங்கே வரும் எண்ணை அச்சிடுவதைவிடக் காத்திருப்பது நல்லது என்பது என் கருத்து.

இதைவிட நான் பெரிதும் மதிக்கும் அளவை ஒன்று உண்டு. நம் 100 காசுகளில், ஒரே ஒரு காசால் மட்டும் அறியப்படும் அச்சுகள் 12 என்று வைத்துக்கொள்வோம். 100இலிருந்து 12ஐக் கழித்தால் 88. அக்கசாலை அடித்த மொத்த நாணயங்களில் ஏறக்குறைய 88 விழுக்காடு நாம் ஏற்கெனவே பார்த்துவிட்ட அச்சுகளிலிருந்து வந்தவை என்பது இதன் பொருள். அச்சுகளில் 88 விழுக்காட்டைப் பார்த்துவிட்டோம் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. நம் கண்ணில் படாத அச்சுகள் பெரும்பாலும் சீக்கிரம் உடைந்து போனவை; அவை எத்தனை இருந்தாலும் மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு சிறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணியில் ஆலன் டூரிங் கண்ட கருத்திலிருந்து பிறந்து, ஐ. ஜே. குட் 1953இல் வெளியிட்ட முறை இது. மொழியில் இன்னும் காணாத சொற்களையும் காட்டில் இன்னும் காணாத உயிரினங்களையும் மதிப்பிட உதவும் அதே கணக்கு, உருகிப்போன காசுகளுக்கும் பொருந்துகிறது.

இவை அனைத்தும் கையில் உள்ள காசுகள் குருட்டாம்போக்கில் எடுத்தவை என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. ஆனால் பழங்காசு அப்படி நம்மிடம் வருவதில்லை, புதையலாக வருகிறது. அக்கசாலையிலிருந்து புதிதாக வந்த காசுகளைப் பையோடு புதைத்தவர் ஒருவர் இருந்தால், அந்தப் புதையலில் ஓரிரு அச்சுகளின் காசுகள் குவிந்து கிடக்கும். அவற்றை அப்படியே கணக்கில் சேர்த்தால் மொத்த அச்சுகள் குறைவு என்ற பொய்த்தோற்றம் வரும். ஒரே கண்டுபிடிப்பு படத்தை மாற்றிவிடவும் கூடும். 1984இல் துருக்கியின் எல்மாலி அருகே ஏறத்தாழ 1,900 வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் தோண்டப்பட்டு நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டது. அதில் ஏதென்சின் பத்து டிராக்மா நாணயங்கள் மட்டும் 14 இருந்தன. அதற்கு முன் உலகம் முழுவதும் அறியப்பட்டிருந்தவையும் ஏறக்குறைய அவ்வளவே. புதையலின் பெரும்பகுதி 1999இல் துருக்கிக்குத் திரும்பியது. இப்போது ஏலப் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடப்பதால் காசுகள் சேர்ப்பது எளிதாகிவிட்டது. ஆனால் ஒரே காசு மூன்று ஏலங்களில் மூன்று முறை வரும். அதை மூன்றாக எண்ணிவிடாமல் இருக்க விளிம்பின் வடிவத்தையும் எடையையும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படியில்தான் உண்மையான சண்டை. ஓர் அச்சு எத்தனை நாணயம் அடித்தது? இதற்குக் கிரேக்க உலகம் நமக்கு விட்டுச்சென்ற சிறந்த சான்று டெல்ஃபியில் இருக்கிறது. கி.மு. 373இல் அப்போலோ கோயில் அழிந்த பிறகு பல பத்தாண்டுகள் திருப்பணி நடந்தது. அதன் வரவு செலவுகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கி.மு. 336ஆம் ஆண்டையொட்டி, கோயிலை நிருவகித்த ஆம்ஃபிக்டியோனி கூட்டமைப்பு தன்னிடம் சேர்ந்திருந்த பல ஊர்ப் பழங்காசுகளை உருக்கித் தன் பெயரில் புது நாணயம் அடித்தது: முகப்பில் முக்காடிட்ட டெமெட்டர், பின்புறத்தில் உலகின் கொப்பூழ் எனப்பட்ட கல்லின்மேல் அமர்ந்த அப்போலோ. கணக்கும் இருக்கிறது, காசுகளும் இருக்கின்றன. இரண்டையும் பொருத்திப் பார்த்த பிலிப் கின்ஸ் 1983இல் கண்ட விடை, ஒரு கீழச்சுக்கு ஏறத்தாழ 23,000 முதல் 47,000 நாணயங்கள் வரை. கல்லில் உள்ள தொகையில் எவ்வளவு புதுக்காசாயிற்று என்பதை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்த இடைவெளி உண்டாகிறது. கேள்விக்கு இதைவிட நேரான சான்று இல்லை. அதுவும் ஒரே ஊரின், ஒரே வெளியீட்டின் சான்று.

டேவிட் செல்வுட் என்பவர் 1963இல் வேறு வழியில் போனார். அவரே வெண்கல அச்சு செய்து, வெள்ளி வில்லையைச் சூடாக்கிச் சம்மட்டியால் அடித்துப் பார்த்து, ஒரு கீழச்சு 10,000 முதல் 16,000 அடிகள் வரை தாங்கும் என்று மதிப்பிட்டார். ரோமக் குடியரசுக் காசுகளுக்கு மைக்கேல் கிராஃபோர்ட் 1974இல் 30,000 என்ற எண்ணைக் கொண்டார். இடைக்கால இங்கிலாந்தின் அக்கசாலைக் கணக்குகளில் ஆண்டுக்கு ஆண்டு, ஊருக்கு ஊர் அச்சின் ஆயுள் பெரிதும் மாறுகிறது. இவற்றையெல்லாம் முன்வைத்துத்தான் நாணயவியல் அறிஞர் தியோடர் பட்ரி 1990களில் கடுமையாக எழுதினார். அச்சு உடையும்வரை பயன்படுத்தினார்கள் என்று யார் சொன்னது, ஒரு படையெடுப்புக்கு வேண்டிய காசை அடித்து முடித்ததும் நல்ல அச்சைக்கூடத் தூக்கிப் போட்டிருக்கலாமே, அப்படியிருக்கச் சராசரி என்ற ஒன்றை வைத்து எதைப் பெருக்குகிறீர்கள் என்பது அவர் கேள்வி. பெல்ஜிய அறிஞர் பிரான்சுவா டெ கலதாய் இதற்கு விடை எழுதினார். பெரிய வெளியீடுகளில், அதாவது பத்துக்கணக்கான அச்சுகள் தேய்ந்த இடங்களில், அச்சு ஏறத்தாழ முழு ஆயுளும் உழைத்திருக்கும் என்றும், 20,000 என்ற அளவை வைத்துக்கொண்டு வரும் விடையைப் பழைய எழுத்தாளர்கள் கூறும் போர்ச் செலவுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம் என்றும் அவர் வாதிட்டார்.

என் நிலைப்பாடு இது: சிறிய ஊரின் சிறிய வெளியீட்டைப் பொறுத்தவரை பட்ரி சொல்வது சரி, மூன்று அச்சுகளை 20,000ஆல் பெருக்கி 60,000 காசு என்று எழுதுபவர் வரலாறு எழுதவில்லை. பெரிய வெளியீட்டைப் பொறுத்தவரை கலதாயின் பக்கமே நிற்கிறேன், ஆனால் 10,000க்கும் 40,000க்கும் இடையிலான எல்லையை எப்போதும் கூடவே சொல்ல வேண்டும்.

அந்த எல்லை நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை ஏதென்சைக் கொண்டே பார்க்கலாம். ஒரு டாலண்ட் என்பது 6,000 டிராக்மா, சுமார் 26 கிலோ வெள்ளி, 17.2 கிராம் எடையுள்ள நான்கு டிராக்மா நாணயமாகச் சொன்னால் 1,500 காசுகள். ஒரு கீழச்சு 20,000 காசு அடித்தால் அது 13 டாலண்டுக்குச் சற்று மேல், 344 கிலோ வெள்ளி. கி.மு. 415இல் சிசிலித் தீவின் செகெஸ்டா நகரத்தார் 60 கப்பல்களின் ஒரு மாதச் சம்பளமாக 60 டாலண்ட் ஏதென்சுக்குக் கொண்டுவந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். கப்பலுக்கு 200 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா என்றால் மாதம் சரியாக ஒரு டாலண்ட் ஆகிறது. ஆக, ஓர் அச்சு தன் ஆயுளில் 13 போர்க்கப்பல்களின் ஒரு மாதச் சம்பளத்தை அடித்துக் கொடுத்திருக்கிறது. ஓர் இரும்புத் துண்டின் வரலாற்று எடை என்னவென்று நான் முதன்முதலில் உணர்ந்தது இந்தப் பெருக்கலைச் செய்தபோதுதான்.

அதே துசிடிடீஸ், ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையிலான பெலோபொனேசியப் போர் தொடங்கும்போது அக்ரோபோலிஸில் 6,000 டாலண்ட் வெள்ளி நாணயமாக இருந்தது என்று ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் கூறியதாகச் சொல்கிறார். அத்தனையும் ஆந்தைக் காசுகளாக இருந்தன என்று ஒரு பேச்சுக்குக் கொண்டால் 90 லட்சம் காசுகள். அச்சுக்கு 20,000 என்றால் 450 கீழச்சுகள். 10,000 என்றால் 900. 40,000 என்றால் 225. ஏதென்சின் லாரியன் சுரங்கத்தில் புதிய வெள்ளி கண்டு, கி.மு. 483ஐ ஒட்டி அந்நகருக்குக் கிடைத்த 100 டாலண்டை அதன் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் கப்பல் கட்டச் செலவிட வைத்த புகழ்பெற்ற நிகழ்ச்சியில், அந்தத் தொகை முழுவதையும் அடிக்க ஏழெட்டு அச்சுகள் போதும். பாரசீகரிடமிருந்து கிரேக்கத்தைக் காத்த கப்பற்படை, ஏழெட்டு அச்சுகள்.

பெருக்கலே தேவைப்படாத ஆய்வுகள்தான் இந்த முறையின் உண்மையான வலிமையைக் காட்டுகின்றன. கருங்கடற்கரையில் இருந்த போந்தஸ் நாட்டின் அரசர் ஆறாம் மித்ரிடேட்டீசின் நான்கு டிராக்மா நாணயங்களில் பின்புறத்தில் முதலில் சிறகுள்ள குதிரையும் பின்னர் மேயும் மானும் இருக்கும். அவற்றின் அருகே ஆண்டும் மாதமும் எண்ணெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். எந்த மாதத்தில் எத்தனை கீழச்சுகள் வேலை செய்தன என்று கலதாய் எண்ணிப் பார்த்தபோது, கி.மு. 89இல் ரோமோடு முதல் போர் மூளும் காலத்தையொட்டி எண்ணிக்கை செங்குத்தாக ஏறுவது தெரிந்தது. ஓர் அச்சு 10,000 அடித்ததா, 40,000 அடித்ததா என்பது இங்கே பொருட்டே அல்ல. ஒரே அக்கசாலை, ஒரே உலோகம், ஒரே வேலைமுறை என்பதால் சராசரி என்னவாக இருந்தாலும் ஏற்றம் ஏற்றம்தான். அரசர் எப்போது படை திரட்டத் தொடங்கினார் என்பதை அவருடைய காசே சொல்லிவிடுகிறது.

நீங்கள் கேட்ட ஏதென்சின் ஐந்தாம் நூற்றாண்டு ஆந்தைகளுக்கு இத்தகைய விடை இல்லை. காசுகள் குறைவு என்பதால் அல்ல, மிகுதி என்பதால். பல்லாயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. உருவங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆண்டோ மாதமோ அதிகாரியின் பெயரோ கிடையாது. முழு அச்சு ஆய்வு ஒன்றை ஒரு மனிதர் கண்ணால் ஒப்பிட்டு முடிப்பது ஓர் ஆயுளின் வேலையைவிடப் பெரிது. இப்போது படங்களைக் கணினியே ஒப்பிட்டு ஒரே அச்சின் காசுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஐயத்துக்குரிய இணைகளை மனிதக் கண் சரிபார்த்தால் போதும் என்ற நிலை வந்தால், மேலே சொன்ன 225, 450, 900 என்ற மூன்று எண்களில் எதற்கு அருகே உண்மை இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கலாம். அதுவரை, ஆந்தைகளின் மொத்த உற்பத்தி இத்தனை கோடி என்று ஒரே எண்ணை எங்கேனும் கண்டால், அது அச்சுகளை எண்ணி வந்ததா, திறைக் கணக்கிலிருந்து பின்னோக்கிப் பெருக்கியதா என்று அந்த ஆசிரியரிடம் கேளுங்கள்.